பாலைக்கு நீர் தரும் பிளவு

கலிபோர்னியாவில் மொஹாவி பாலைவனத்தின் மேற்கு ஓரத்தில் நீனாக் என்றொரு சிற்றூர். அதை ஒட்டிய குன்றுகளில், சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலை கக்கிய பாறைகள் கிடக்கின்றன. ஆனால் அங்கே இருப்பது அந்த எரிமலையில் ஒரு பகுதிதான். மற்றொரு பகுதி வடமேற்கே 315 கிலோமீட்டர் தள்ளி, பினாக்கிள்ஸ் தேசியப் பூங்காவில், செங்குத்தான பாறைக் கூட்டமாக வானைப் பார்த்து நிற்கிறது. 1970களில் வின்சென்ட் மேத்யூஸ் என்ற நிலவியலாளர் இரண்டு இடங்களின் கற்களையும் ஒப்பிட்டார். கல்லின் வகை, அடுக்குகளின் வரிசை, வேதிச் சேர்க்கை, வயது எல்லாம் பொருந்தின. இரண்டும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை என்று அவர் நிறுவினார். நடுவே புகுந்து பிரித்தது சான் ஆண்ட்ரியாஸ் பிளவு.

பிரித்தது ஒரே நாளில் அல்ல. ஒரு நிலநடுக்கத்தில் சில மீட்டர், பிறகு நூறு இருநூறு ஆண்டு அமைதி, மறுபடி சில மீட்டர் என்று, மனிதன் தோன்றுவதற்கு வெகு முன்பே தொடங்கி இன்னும் முடியாத வேலை இது. ஒரு மலையையே இத்தனை பொறுமையாக நகர்த்துவதை வெறும் விசை என்று சொல்லிவிட்டு என்னால் அப்பால் போக முடியவில்லை. விசைதான், அதற்குக் கணக்கும் இருக்கிறது. கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு கைகூப்பத்தான் அதிகமாகத் தோன்றுகிறது.

என் அக்கா மகள் தெற்குக் கலிபோர்னியாவில் நிலவியல் படிக்கிறாள். அவள் வகுப்பு இந்தப் பிளவைப் பார்க்கக் களப்பயணம் கிளம்பியபோது, பேராசிரியரிடம் அனுமதி கேட்டு என்னையும் சேர்த்துக்கொண்டாள். பிள்ளைகள் கையில் சுத்தியல், திசைகாட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி. ஆளுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் இல்லாமல் வண்டியில் ஏறக் கூடாது என்பது பேராசிரியரின் கட்டளை.

பார்க்கப் போவது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பல தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. கலிபோர்னியாவின் கடலோரப் பகுதி பசிபிக் தட்டின் மேல் இருக்கிறது. மற்றதெல்லாம் வட அமெரிக்கத் தட்டின் மேல். பசிபிக் தட்டு மற்றதை உரசியபடி வடமேற்கு நோக்கி ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. போகிறது. அந்த நகர்வில் பெரும்பங்கைத் தாங்குவது சான் ஆண்ட்ரியாஸ். தெற்கே சால்ட்டன் கடல் என்னும் உப்பேரியின் கரையிலிருந்து வடக்கே மெண்டசினோ முனை வரை, 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. 1895இல் இதற்குப் பெயர் வைத்த ஆண்ட்ரூ லாசனுக்கே இதன் முழு நீளம் அப்போது தெரியாது. 1906 ஏப்ரல் 18 அதிகாலை 5.12க்குச் சான் பிரான்சிஸ்கோ குலுங்கியபோது வடக்கே 470 கிலோமீட்டருக்கு மேல் நிலம் கிழிந்தது. நடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் சுமார் 3,000 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் லாசன் தலைமையில் ஒரு குழு பிளவின் பாதை நெடுகிலும் நடந்தது. தெற்கே பாலைவனம் வரை அது போவதைக் கண்டார்கள்.

அந்த ஆய்விலிருந்து பிறந்த ஒரு விளக்கம் இன்றும் நிற்கிறது. ஹாரி ஃபீல்டிங் ரீட் என்பவர் 1910இல் எழுதினார்: தட்டுகள் நகர்ந்தாலும் பிளவின் இரு ஓரங்களும் உராய்வினால் ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கின்றன, அதனால் அக்கம்பக்கத்துப் பாறை மெல்ல மெல்ல வளைகிறது. கையால் வளைத்துப் பிடித்த மூங்கில் பிடி நழுவியதும் விடுபட்டு நிமிர்வதுபோல, உராய்வு தோற்கும் கணத்தில் பாறை தன் வளைவை உதறி நிமிர்கிறது. அந்த நிமிர்வுதான் நிலநடுக்கம். பல தலைமுறைகளாகச் சேர்ந்த வளைவு ஓரிரு நிமிடங்களில் தீர்ந்துபோகிறது.

முதலில் பாம்டேல். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வடக்கே வரும் 14ஆம் எண் நெடுஞ்சாலைக்காக அங்கே ஒரு மேட்டை வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய சுவர் 25 மீட்டருக்கு மேல் உயரம். நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதால் பக்கத்துச் சாலையில் விட்டுவிட்டு மேலே ஏறிப் பார்த்தோம். ஒரு காலத்தில் நீர்நிலையின் அடியில் மட்டமாகப் படிந்த வண்டலும் ஜிப்சமும் பிறகு பிளவின் ஓரத்தில் அகப்பட்டு நசுங்கி, சுருண்டு, மேலேறி, கவிழ்ந்து கிடக்கின்றன. கல்லை இப்படி உடையாமல் மடிக்க முடியும் என்று, கண்ணால் பார்க்காதவர் நம்புவது கடினம். கீழே லாரிகள் இரைந்துகொண்டு போகின்றன. பிளவின் பாதையிலேயே பாம்டேல் ஏரி அமைதியாக மின்னிக்கொண்டிருக்கிறது. பிளவு நெடுகிலும் நிலம் அங்கங்கே இறங்கிக் குட்டையாகும். அப்படி இறங்கிய பள்ளத்தை அணைகட்டிப் பெரிதாக்கியதுதான் அந்த ஏரி.

அங்கிருந்து கிழக்கே பாலெட் ஓடை. பார்வைக்கு அது ஒன்றுமில்லை. புதர், மணல், கரை அரித்த ஒரு வாய்க்கால். கூட வந்த பிள்ளைகளில் சிலர் ஏமாந்து போனது முகத்தில் தெரிந்தது. எனக்கோ இந்தப் பயணத்தில் காலணியைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும் என்று தோன்றிய இடம் அதுதான். 1970களில் கெர்ரி சீ என்ற ஆராய்ச்சி மாணவர் இந்த ஓடைக்கரையில் குழி வெட்டினார். அது முன்பு சதுப்பு நிலமாக இருந்ததால் மக்கிய செடிகளின் கரிய அடுக்கும் வெள்ளம் கொணர்ந்த மணலடுக்கும் மாறி மாறிப் படிந்திருந்தன. ஒவ்வொரு பெரிய நடுக்கமும் அப்போது மேலே இருந்த அடுக்குகளை வெட்டிவிட்டது. அதற்குப் பின் படிந்தவை வெட்டுப்படாமல் மூடின. எந்த அடுக்கு வரை வெட்டு ஏறியிருக்கிறது, எங்கே நின்றுவிட்டது என்று பார்த்தால் நடுக்கம் எப்போது வந்தது என்று தெரிந்துவிடும். மக்கிய செடியின் கரியைக் கொண்டு காலத்தையும் கணிக்கலாம்.

எழுதப்பட்ட வரலாறு சில நூறு ஆண்டுகளே ஆன ஒரு கரையில், ஆயிரத்து சொச்சம் ஆண்டுகளின் நிலநடுக்கப் பதிவு சேற்றிலிருந்து படிக்கப்பட்டது. கடைசி வெட்டு 1857 ஜனவரி 9ஆம் நாள் வந்த போர்ட் தெஹோன் நிலநடுக்கம். 350 கிலோமீட்டருக்கு நிலம் கிழிந்த நாள் அது. இரண்டு நடுக்கங்களுக்கு இடைவெளி சராசரியாக நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. ஆனால் அவை ஒழுங்காக வரவில்லை. சில நெருங்கி வந்திருக்கின்றன, பிறகு நெடுங்காலம் ஓய்ந்திருக்கின்றன. சராசரியை வைத்து நாள் குறிக்க முடியாது என்பதும் அதே சேற்றில் எழுதியிருக்கிறது.

இந்தக் கெர்ரி சீயின் பெயரை நாம் வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். பாலைவனத்தில் சேற்றைப் படித்தவர் பிற்பாடு இந்தோனேசியா போய்ச் சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் பவளப் பாறைகளைப் படித்தார். கடலடி நிலம் உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் பவளம் தன் வளர்ச்சி வளையங்களில் பதிந்துவைத்திருந்தது. 1797, 1833 ஆகிய ஆண்டுகளில் அங்கே வந்த பெரும் நடுக்கங்கள் அதில் தெரிந்தன. மறுபடி வரும் என்று கண்டு, 2004ஆம் ஆண்டின் நடுவில் அவரும் கூட்டாளிகளும் அங்குள்ள மெந்தாவாய்த் தீவுகளின் ஊர் ஊராகச் சென்று சுவரொட்டிகளும் துண்டறிக்கைகளும் கொடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமத்ராவை ஒட்டிய அந்தக் கடலடிப் பிளவின் வடபகுதி சுமார் 1,300 கிலோமீட்டருக்குக் கிழிந்தது. அன்று காலை எழுந்த கடல்தான் நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் கடலூருக்கும் வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரை இழந்தோம். பாலெட் ஓடையில் கற்றுக்கொண்ட பாடத்தின் மறுமுனை நம் கரையில் இருக்கிறது.

கொல்கிற ஒன்றை அதிசயம் என்று கொண்டாடலாமா? அந்தக் கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் முன்னால் நான் இந்தச் சொல்லைச் சொல்லத் துணிய மாட்டேன். ஆனாலும் அடுத்ததாகக் கோச்செல்லா பள்ளத்தாக்கில் இறங்கியபோது பிளவு செய்யும் மற்ற வேலையைக் கண்டேன். அதையும் சொல்லாமல் விட்டால் உண்மை பாதியாகிவிடும்.

அந்தப் பள்ளத்தாக்கின் தரையில் ஆண்டு மழை 10 செ.மீ.க்கும் குறைவு. கோடையில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டுவது வாடிக்கை. அங்கே டெஸர்ட் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரின் அடியில் சான் ஆண்ட்ரியாஸின் ஒரு கிளை ஓடுகிறது. கிளைக்கு வடகிழக்கே கிணறு தோண்டினால் வெந்நீர். தென்மேற்கே தோண்டினால் குளிர்ந்த நல்ல குடிநீர். ஒரே ஊர், ஒரே மண், நடுவில் பிளவு. ஒரு பக்க நீர் மறுபக்கம் கலப்பதில்லை.

கலக்காததற்குக் காரணத்தை அக்கா மகள் தன் உள்ளங்கையில் எடுத்து நீட்டினாள். கொஞ்சம் மண், விரலில் தேய்த்தால் துகளே தட்டுப்படாத அளவு நைந்த களிமண். பிளவின் இரு ஓரங்களும் லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றையொன்று அரைத்து அரைத்துப் பாறையை இப்படி ஆக்கியிருக்கின்றன. இந்த அரைபட்ட களிமண் பூமிக்குள் ஆழம் வரை ஒரு சுவராக நிற்கிறது. நீர் இதில் புக முடியாது. மலையில் பெய்த மழையும் உருகிய பனியும் மணலுக்கடியில் ஊர்ந்து வந்து இந்தச் சுவரில் முட்டுகின்றன. போக வழியில்லாமல் மேலே எழுகின்றன.

எழும் இடத்தில் மரம் நிற்கிறது. தௌசண்ட் பாம்ஸ் என்ற ஊருக்கருகே, இண்டியோ குன்றுகளின் அடியில், அதைக் கண்டோம். பழுப்பும் சாம்பலுமான வெறும் குன்று. அதன் அடியில் திடீரென்று பனைக் கூட்டம்.

“தோண்டிப் பார்க்க வேணாம் மாமா, மரத்தைப் பாருங்க. பிளவு எங்க போகுதுன்னு மரமே காட்டும்” என்றாள்.

காட்டியது. ஒரு தோப்பு, கொஞ்சம் வெறுமை, அதே கோட்டில் இன்னொரு தோப்பு. அவை கலிபோர்னியா விசிறிப் பனைகள். அந்த மாநிலத்தின் மண்ணுக்கே உரிய பனை இது ஒன்றுதான். நம் ஊர்ப் பனைக்கு இருப்பதுபோல விசிறி ஓலை. ஆனால் காய்ந்த ஓலை கீழே விழாமல் தண்டைச் சுற்றி, சில மரங்களில் தரை வரையிலும், தொங்குகிறது. அதற்குள் ஆந்தையும் வௌவாலும் குடியிருக்கின்றன. நிழலுக்குள் போனதும் காற்று மாறிவிட்டது. காலடியில் ஈரம், நாணல், தெளிந்த நீர். தோப்பு ஒன்றின் குட்டையில் பாலைவனத்துக்கே உரிய பப்ஃபிஷ் என்னும் சிறு மீன் வாழ்கிறது. அழிவின் விளிம்பில் நிற்கும் அந்த மீனுக்குப் புகலிடமாக அந்தக் குட்டையைக் காத்துவருகிறார்கள். கடலைப் போல இரு மடங்கு உப்பானாலும் பிழைத்துக்கொள்ளும் இந்த மீன் இனம், ஒரு நிலநடுக்கப் பிளவு கசியவிடும் நீரில் நீந்திக்கொண்டிருக்கிறது.

இந்தத் தோப்புகளை ஐரோப்பியர் வந்து கண்டுபிடிக்கவில்லை. கவீயா என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தவர்கள், இன்றும் பள்ளத்தாக்கில் வாழ்கிறவர்கள். பனம்பழத்தைத் தின்றார்கள், கொட்டையை மாவாக்கினார்கள், ஓலையால் வீடு வேய்ந்தார்கள். காய்ந்த ஓலைகளுக்கு அவ்வப்போது தீ வைத்துப் பூச்சியை ஒழித்தார்கள். மரம் சாகாது, அடுத்த காய்ப்பு கூடும். பாலைவனத்தில் ஊர் எங்கே அமைய வேண்டும் என்பதை அவர்களுக்கும் இந்தப் பிளவே சொல்லியிருக்கிறது.

மேலே பார்த்தால் சான் ஹசின்டோ சிகரம், 3,300 மீட்டர். வடக்கே சான் கோர்கோனியோ, 3,500 மீட்டர். நேர்க்கோட்டில் வரும் சான் ஆண்ட்ரியாஸ் தெற்குக் கலிபோர்னியாவில் ஒரு பெரிய வளைவு வளைகிறது. அந்த வளைவில் தட்டுகள் வெறுமனே உரசிப் போக முடியாமல் ஒன்றையொன்று நெருக்குகின்றன. நெருக்கத்தில் நிலம் மலையாக உயர்ந்திருக்கிறது. மலை இருப்பதால் மேகம் நின்று பெய்கிறது, உச்சியில் பனி விழுகிறது. அந்த நீர் இறங்கி வந்து சுவரில் முட்டி மரத்தடியில் எழுகிறது. மலையை எழுப்பி, மழையைப் பிடித்து, நீரைத் தேக்கி, மரத்தை நட்டு, மீனுக்கு வீடு கொடுத்தது எல்லாம் தட்டுகளின் இந்த ஒரே நகர்வின் வேலை. மழையும் காற்றும் ஓயாமல் மலைகளைக் கரைத்துக் கடலில் சேர்த்துக்கொண்டிருக்கும் உலகத்தில், நிலத்தைத் திரும்பவும் எழுப்ப ஏதாவது ஒன்று வேண்டும். படைப்பில் இது பழுது அல்ல என்று எனக்கு உறுதிப்பட்டது அந்தத் தோப்பின் நிழலில்தான்.

அடுத்துப் போன மெக்கா குன்றுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நடந்து பார்க்க வேண்டிய இடம், எழுத்தில் அடங்காது. பெயின்டட் கேன்யன் என்னும் இடுக்கில் பாறை அடுக்குகள் செங்குத்தாக நிமிர்ந்தும் மடிந்தும் இளஞ்சிவப்பு, பச்சை, சாம்பல் நிறங்களில் இரு பக்கமும் எழுகின்றன. சில இடங்களில் இரு கையையும் நீட்டினால் இரு சுவரும் தொடும்.

கடைசியாகச் சால்ட்டன் கடல். பிளவின் தென்முனை இது. ஏரியின் நீர்மட்டமே கடல் மட்டத்துக்கு 70 மீட்டர் கீழே. 1905இல் கொலராடோ ஆற்றின் நீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்து, சுமார் இரண்டு ஆண்டு நிரப்பியதில் உருவானது. அதற்கு முன்பும் அதே ஆறு பலமுறை திசைமாறி இந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்கிறது. அந்தப் பழைய பேரேரிக்குக் கவீயா ஏரி என்று பெயர். அதன் நீர்மட்டக் கோடு இன்றும் மலையடியில் வெள்ளைப் பட்டையாகத் தெரிகிறது. ஏரி வற்ற வற்ற, மீன் பிடிக்கக் கல்லால் கட்டிய பட்டிகள் படிப்படியாகக் கீழே இறங்கியிருக்கின்றன. ஏரி நிரம்பிய காலங்களும் பழைய நடுக்கங்களின் காலங்களும் ஒத்துப்போவதாக 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. நீரின் சுமையும், பாறை இடுக்குகளில் அது ஏற்படுத்தும் அழுத்தமும் பிளவை நழுவவிட உதவியிருக்கலாம் என்கிறார்கள்.

ஏரியின் தென்கிழக்குக் கரையில் நிலம் இன்னும் கொதிக்கிறது. சேறு குமிழியிடும் சிறு கூம்புகள், கரியமில வாயு, புவிவெப்ப மின் நிலையங்கள். அங்கே மேலோடு மெலிந்து விலகிக்கொண்டிருக்கிறது. தெற்கே கலிபோர்னியா வளைகுடாவைத் திறந்துவிட்ட அதே விலகல்தான். பல லட்சம் ஆண்டுகள் கழித்துக் கடல் இங்கே வரக்கூடும்.

கரையில் நின்று பேராசிரியர் சொன்ன செய்தி பிள்ளைகளை அமைதியாக்கியது. சான் ஆண்ட்ரியாஸின் வடபகுதி 1906இல் நழுவியது. நடுப்பகுதி 1857இல். எங்கள் காலடியில் இருந்த தென்பகுதி சுமார் முந்நூறு ஆண்டுகளாகப் பெரிதாக நழுவவில்லை. பல மீட்டர் வளைவு அந்தப் பாறையில் சேர்ந்திருக்கிறது. என்றைக்கு விடுபடும் என்று யாராலும் சொல்ல முடியாது. விடுபடும் என்பதில் ஐயமில்லை.

2008இல் லூசி ஜோன்ஸ் என்ற நிலநடுக்கவியலாளர் தலைமையில் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தாரும் பலரும் கூடி, இந்தத் தென்முனையில் தொடங்கும் 7.8 அளவுள்ள ஒரு நடுக்கத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். சுமார் 1,800 உயிர்கள், 20,000 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று வந்தது. லாஸ் ஏஞ்சலிஸுக்கு வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் பெரிய கால்வாய்கள் எல்லாமே இந்தப் பிளவைக் கடந்துதான் வருகின்றன. அந்தக் கணக்கிலிருந்து பிறந்தது ஷேக்அவுட் என்ற ஒத்திகை. ஆண்டுதோறும் அக்டோபர் மாத மூன்றாவது வியாழக்கிழமை பள்ளியிலும் அலுவலகத்திலும் வீட்டிலும் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் குனிந்து, மேசைக்கடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்கிறார்கள். அஞ்சி ஓடாமல், அலட்சியமும் செய்யாமல், இவ்வளவு பெரிய ஒன்றின் அருகில் வாழத் தெரிந்தவர்களின் செயலாக அதை நான் மதிக்கிறேன்.

பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்கக் கலிபோர்னியா செல்லும் நம்மவர்கள் இன்று ஏராளம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போக வாய்த்தால், கோச்செல்லா பள்ளத்தாக்குக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள், கல்லையும் ஓலையையும் எடுத்து வராதீர்கள். வீடு திரும்பியதும் பிள்ளைகளிடம் கேளுங்கள்: உயரமான அலமாரிகளைச் சுவரோடு பிணைத்திருக்கிறார்களா, ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் வீதம் குடிநீர் சேமித்திருக்கிறார்களா, எரிவாயுக் குழாயை எங்கே அடைப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? இல்லையென்றால், ஊர் திரும்பும் முன் கூட இருந்து செய்து கொடுத்துவிட்டு வாருங்கள்.